நிலையற்ற வாழ்வும் நம்பிக்கையும்: மலையக மக்களின் வழிபாடும் குடியுரிமைப் போராட்டமும் பற்றிய ஒரு நோக்கு

1. பிரச்சினை

வாழ்வு நிலைகுலையும் காலங்களில் மனிதர் எதனைப் பற்றிக்கொள்கின்றனர், அப்பற்றுக்கோடு அவர்தம் வாழ்வுக்கு ஒரு நோக்கத்தை எவ்வாறு அளிக்கின்றது என்னும் வினா, பெரும்பாலும் தனிமனித உளவியலுக்குரியதாகவோ சமயப் போதனைக்குரியதாகவோ கொள்ளப்பட்டு வந்துள்ளது. வரலாற்று மாணவர்களாகிய நாம் இவ்வினாவைப் பிறிதொரு தளத்தில் எழுப்ப வேண்டியவர்களாக உள்ளோம். தனிமனிதர் ஒருவருக்கு நேரும் இடர்க்காலம் சில மாதங்கள் நீடிக்கலாம். சில ஆண்டுகளும் நீடிக்கலாம். ஆயின் ஒரு மக்கட் கூட்டம் முழுவதற்கும், தலைமுறை தலைமுறையாக, நிலையின்மையே வாழ்க்கை நிலையாக அமைந்துவிடுமெனில், அங்கு நம்பிக்கை எங்கிருந்து பிறக்கின்றது? அது யாரால் உருவாக்கப்படுகின்றது? எப்பொழுது அது செயலாக மாறுகின்றது?

இவ்வினாக்களுக்கு விடைகாண முயல்வோருக்கு இலங்கையின் மலையக மக்களது வரலாறு மிகப் பொருத்தமான சான்றாக அமைகின்றது. இற்றைக்கு இரு நூற்றாண்டுகளுக்கு முன்னர் தொடங்கிய இவ்வரலாற்றிலே கடலும் காடும், கடனும் கொள்ளைநோயும், சட்டமும் ஒப்பந்தமும் மாறிமாறி இம்மக்களின் காலடி நிலத்தைப் பெயர்த்துள்ளன. அவ்வாறு பெயர்க்கப்பட்ட ஒவ்வொரு தடவையும் அவர்கள் தமக்கென ஒரு தெய்வத்தையும், தெய்வத்தின் முன் கூடுவதற்கு ஓர் இடத்தையும், கூடியபின் பேசுவதற்கு ஒரு பொருளையும் கண்டுகொண்டனர்.

இவ்விடயத்தை நோக்கியோரிடையே இருவகைப் பார்வைகள் காணப்படுகின்றன. தோட்டத்துரைமாரும் குடியேற்ற நிருவாகிகளும் எழுதிவைத்த குறிப்புகளிலே தொழிலாளரின் வழிபாடு மூடநம்பிக்கையாகவும், அவர்களை அமைதியாக வைத்திருப்பதற்கு உதவும் வேடிக்கையாகவும் சித்திரிக்கப்பட்டது. இதற்கு எதிர்முனையில் நின்ற முற்போக்காளர் சிலரோ, சமயம் உழைப்பாளியின் விழிப்பை மழுங்கச் செய்வது என்னும் பொதுச் சூத்திரத்தை இங்கும் பிரயோகித்துத் திருப்தியடைந்தனர். நோக்கத்தால் இவ்விரு பார்வைகளும் பகைமையானவை. எனினும் ஒரு விடயத்தில் அவை உடன்படுகின்றன: வழிபடும் தொழிலாளியை இரண்டுமே செயலற்றவனாகக் காண்கின்றன. அத்தொழிலாளி தனது வழிபாட்டினால் எதனைச் செய்தான், எதனைக் கட்டினான் என்னும் கேள்வி இரண்டினாலும் கேட்கப்படவில்லை. அக்கேள்வியையே இக்கட்டுரையில் நாம் கேட்க முற்படுகின்றோம்.

2. பாதையும் பருவகாலப் பெயர்வும்

1815இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமாயிற்று. 1820களில் கம்பளைப் பகுதியில் ஆரம்பிக்கப்பட்ட கோப்பிச் செய்கை, 1830களின் பிற்பகுதியிலிருந்து விரைந்து பரவியது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்டவியலாத காடுகளையும் சேனை நிலங்களையும் அரசுடைமையாகக் கருத வழிவகுத்தது. அந்நிலங்கள் மலிவான விலைக்குத் தோட்ட முதலாளிகளின் கைக்குச் சென்றன. தமது நிலத்தை இழந்த கண்டிய விவசாயிகள், அந்நிலத்திலேயே நாட்கூலிகளாக நிரந்தரமாய் உழைப்பதற்கு விரும்பவில்லை. எனவே சென்னை மாகாணத்தின் திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், சேலம், மதுரை, இராமநாதபுரம் முதலிய மாவட்டங்களிலிருந்தும் புதுக்கோட்டைச் சமஸ்தானத்திலிருந்தும் உழைப்பாளர் கொணரப்பட்டனர்.

மொரிசியசு, பீஜி முதலிய தீவுகளுக்குச் சென்றோர் ஐந்தாண்டு ஒப்பந்தத்தினால் பிணிக்கப்பட்டிருந்தனர். இலங்கைக்கு வந்தோரைப் பிணித்தது கங்காணியிடம் பெற்ற முன்பணம். அக்கடனே அவர்களது ஒப்பந்தமாயிற்று. கோப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் வந்து, வேலை முடிந்தபின் ஊர் திரும்பும் பருவகாலப் பெயர்வாகவே இது நெடுங்காலம் இருந்தது. கடலைக் கடந்து மன்னார்க் கரையில் இறங்கியோர், மதவாச்சி, தம்புள்ளை வழியாகக் காட்டுப்பாதையில் பல நாட்கள் நடந்து மாத்தளையை அடைந்தனர். அப்பாதையில் பேதியும் அம்மையும் காய்ச்சலும் பசியும் கொண்டுசென்ற உயிர்களின் சரியான தொகை எந்தப் பதிவேட்டிலும் இல்லை. இறந்தவர்கள் பாதையோரத்திலேயே விடப்பட்டனர், எஞ்சியோர் நடந்தனர்.

இங்கு வழிபாட்டின் தன்மை பற்றிய ஒரு சிக்கலை நாம் கவனித்தல் வேண்டும். தமிழகத்துக் கிராமிய வழிபாடு நிலத்தோடு ஒட்டியது. மாரியம்மன் ஒரு குறித்த ஊரின் எல்லைக்குள் மழையைத் தருபவள். அவ்வூரை அம்மைநோயிலிருந்து காப்பவள். ஐயனாரும் முனியும் ஊரெல்லையில் நின்று காவல் புரிவோர். குலதெய்வமோ குறித்ததொரு மண்ணில் நிலைபெற்றது. நிலத்தோடு இவ்வளவு இறுகப் பிணைந்த தெய்வங்கள், நிலமற்ற மக்களோடு கடல்கடந்து வருவது எங்ஙனம்? தாய்க்கோயிலின் பிடிமண்ணைக் கொண்டுசென்று புதிய இடத்தில் தெய்வத்தை நிலைநாட்டும் மரபு இச்சிக்கலுக்கு விடையாக ஏற்கனவே வழக்கிலிருந்தது. தோட்டக் கோயில்கள் பலவற்றின் தோற்றக் கதைகள் பிடிமண்ணையும், மரத்தடியில் நடப்பட்ட கல்லையும், கல்லின் முன் நாட்டப்பட்ட சூலத்தையுமே பேசுகின்றன.

நீண்ட பாதையின் முடிவில், மலைத்தோட்டங்களுக்குப் பிரிந்து செல்லும் வாயிலாக அமைந்த மாத்தளையில் முத்துமாரியம்மன் கோயில் எழுந்தமை தற்செயலன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் மூன்றாம் காற்பகுதியில், நாட்டுக்கோட்டை நகரத்தாரின் பொருளுதவியோடு அது கோயிலாக உருப்பெற்றது. கொள்ளைநோயின் பாதையைக் கடந்து உயிரோடு வந்தவர்கள், அந்நோயின் அதிதெய்வமாகிய அன்னையை அப்பாதையின் முடிவிலே கண்டனர். உயிர்பிழைத்தமைக்கு ஒரு பொருள் இருத்தல் வேண்டும் என்னும் வேட்கையின் முதல் வெளிப்பாடாக இதனை நாம் கொள்ளலாம்.

3. தோட்டம் ஊராகியமை

1869இல் கண்டறியப்பட்ட இலைநோய் கோப்பித் தோட்டங்களைப் படிப்படியாக அழித்தது. 1870களின் இறுதியில் இரண்டரை இலட்சம் ஏக்கருக்கு மேல் பரந்திருந்த கோப்பி, அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பெரும்பாலும் மறைந்தது. 1884இல் ஓரியன்டல் வங்கி முறிந்தது. துரைமார் பலர் தோட்டங்களைக் கைவிட்டனர். கூலி கொடுபடாமலே தொழிலாளர் துரத்தப்பட்டனர். மறுபுறம் 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய பெரும்பஞ்சம் திரும்பிச் செல்வதற்கான ஊரையும் இல்லாமற் செய்தது. இருபுறமும் வாயில் அடைபட்ட காலம் அது.

1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் பயிரிட்ட 19 ஏக்கர் தேயிலை, நூற்றாண்டின் முடிவில் மூன்று இலட்சம் ஏக்கருக்கும் அதிகமாக விரிந்தது. கோப்பி பருவகாலப் பயிர். தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து தருவது. எனவே முதலாளிகளுக்குத் தோட்டத்திலேயே குடும்பமாகத் தங்கும் உழைப்பாளர் தேவைப்பட்டனர். பெண்களும் சிறுவரும் கொழுந்து மலைக்கு வந்தனர். பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான காம்பராக்களை வரிசையாகக் கொண்ட லயங்கள் எழுந்தன. பிறப்பும் பூப்பும் மணமும் இறப்பும் அக்காம்பராக்களுக்குள்ளேயே நிகழலாயின.

ஆயினும் லயம் தொழிலாளிக்குச் சொந்தமானதன்று. வேலை இழந்தால் அன்றே கூரையும் இல்லை. வேறு தோட்டம் செல்வதற்குக் கங்காணியின் கடன்தீர்ந்த துண்டு வேண்டும். தோட்டத்தின் எல்லையோ துரையின் சொத்தின் எல்லை. இத்தகைய இடத்திலேதான் ஒவ்வொரு தோட்டத்திலும் மாரியம்மனுக்கு ஒரு கோயில் எழுந்தது. ஆண்டுத் திருவிழாவின்போது அம்மன் லயம் லயமாக, டிவிசன் டிவிசனாக வலம் வந்தாள். கிராமத்தில் ஊரெல்லையை வலம் வந்து காவல் செய்த தெய்வம், இங்கு தோட்டத்தெல்லையை வலம் வந்தது. சட்டத்தின் கண்ணில் தனியார் சொத்தாக இருந்த நிலப்பரப்பு, அவ்வுலாவினால் மக்களின் கண்ணில் ஊராயிற்று. நிலத்துக்கு உறுதிப்பத்திரம் இல்லாத மக்கள், நிலத்துக்குத் தெய்வத்தை உரியதாக்கிய செயல் இது. இதனை வெறும் ஆறுதல் எனக் கூறிவிடுவது பொருந்தாது. தமக்கு உரிமை மறுக்கப்பட்ட இடத்திலே உறவு கோரிய செயல் எனக் கொள்வதே பொருந்தும்.

மலையக வழிபாட்டின் இன்னொரு கூறு இக்கருத்தை மேலும் தெளிவாக்குகின்றது. மாரியம்மன், மாடசாமி, முனியாண்டி முதலிய தெய்வங்கள் தமிழகத்திலிருந்து வந்தவை. ஆயின் கவ்வாத்துச்சாமி, கொழுந்துச்சாமி, ரோதமுனி என்பன தேயிலைத் தோட்டத்திலேயே பிறந்த தெய்வங்கள். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டத் தொடங்குமுன் வழிபடப்படும் தெய்வம் கவ்வாத்துச்சாமி. தொழிற்சாலையின் இயந்திரச் சக்கரத்தை இயக்கியும் அடக்கியும் காப்பதாகக் கருதப்படும் முனியே ரோதமுனி. பழைய ஊரின் நினைவை மட்டும் காத்து வாழ்ந்த மக்கள் புதிய தெய்வங்களைப் படைத்திருக்கமாட்டார். தமது உழைப்பின் கருவிகளையும், அவற்றால் தமக்கு நேரக்கூடிய ஆபத்துகளையும் தமது பொருளுலகினுள் கொண்டுவந்து, அவற்றோடு ஓர் உடன்பாடு செய்துகொள்ள அவர்கள் முயன்றுள்ளனர். தாம் வாழுமிடம் இதுவே என்னும் ஒப்புதலை இத்தெய்வங்களின் தோற்றத்திலே நாம் காண்கின்றோம். சட்டம் அவர்களை வந்தேறிகளாகவே கணித்துக்கொண்டிருந்த காலத்தில் இவ்வொப்புதல் நிகழ்ந்துவிட்டது என்பது கவனத்திற்குரியது.

4. காமன் கூத்து: எரிதலும் மீளலும்

மலையகத்தில் மாசி மாதத்து அமாவாசையை ஒட்டிக் காமன் கம்பம் நாட்டப்பட்டுக் காமன் கூத்துத் தொடங்குகின்றது. பௌர்ணமியை ஒட்டிய இரவில் அது உச்சநிலையை அடைகின்றது. சிவனின் தவத்தைக் கலைக்கச் சென்ற மன்மதன் நெற்றிக்கண்ணால் எரிக்கப்படுதலும், இரதி புலம்புதலும், பின்னர் அவன் இரதியின் கண்ணுக்கு மட்டும் தெரியுமாறு உயிர்பெறுதலும் இதன் கதையாகும். இரதியாகவும் மதனாகவும் ஆடுவோர் நேர்த்தியும் நோன்பும் கொள்வர். தப்பு முழங்க, இரவு முழுவதும் தோட்டமே அரங்காகின்றது. பார்வையாளர், நடிகர் என்னும் பிரிவு அங்கு மிக மெல்லியது.

இக்கூத்துத் தமிழகத்திலும் உண்டு. ஆயினும் மலையகத்திலே அது பெற்றுள்ள முக்கியத்துவம் விளக்கத்தை வேண்டி நிற்கின்றது. பிரிவினதும் இழப்பினதும் கதை, பிரிவையும் இழப்பையும் அன்றாடம் அறிந்த மக்களைக் கவர்ந்தது என்பது ஒரு காரணம். அதனினும் ஆழமான காரணம் கதையின் முடிவிலே தங்கியிருப்பதாக நாம் கருதுகின்றோம். எரிந்தவன் முழுமையாக மீண்டு வருவதில்லை. உலகத்தார் கண்ணுக்கு அவன் இல்லாதவனே. அவனுக்காக வாதாடிய ஒருத்தியின் கண்ணுக்கு மட்டும் அவன் இருக்கின்றான். அதிகார பீடத்தின் முன் சென்று நீதி கேட்கும் இரதியின் குரல், அழுகையில் தொடங்கி வழக்காக வளர்கின்றது. பதிவேடுகளிலே பெயராகவன்றி எண்ணாகவே இடம்பெற்ற மக்களுக்கு, ஒருவருக்கொருவர் கண்ணில் தெரிதல் என்பது எவ்வளவு பெரிய உறுதிப்பாடு என்பதை நாம் ஊகிக்கலாம்.

இங்கு தப்பு என்னும் வாத்தியம் பற்றியும் ஒரு சொல் கூறுதல் தகும். அதிகாலையில் தொழிலாளரைப் பிரட்டுக்களத்துக்கு அழைத்த ஒலி தப்பினுடையது. அதே தப்பே திருவிழாவிலும் காமன் பொட்டலிலும் சாவீட்டிலும் ஒலித்தது. உழைப்புக்கு மக்களை ஒன்றுதிரட்டத் துரை பயன்படுத்திய ஒலியை, மக்கள் தம்பொருட்டு ஒன்றுதிரளும் ஒலியாகவும் வைத்துக்கொண்டனர்.

பெண்களின் பங்களிப்பு வேறொரு வகையில் அமைந்தது. கூத்தின் அரங்கு பெரும்பாலும் ஆண்களுக்குரியதாக இருந்தபோது, தாலாட்டும் ஒப்பாரியும் கொழுந்து மலைப் பாடல்களும் பெண்களுக்குரியனவாயின. கடல் கடந்தமை, கங்காணியின் கொடுமை, கோப்பியின் அழிவு, இறந்த பிள்ளை ஆகிய யாவும் அவற்றிலே பதிவாயின. மலைநாட்டுத் தோட்டமொன்றில் 1914இல் பிறந்தவரும், 1947இல் பாராளுமன்றத்துக்குத் தெரிவானவருமாகிய சி. வி. வேலுப்பிள்ளை இப்பாடல்களைத் தொகுத்து அளித்தமையாலேயே எழுத்தில்லாத இவ்வரலாறு ஓரளவாயினும் நமக்குக் கிட்டியுள்ளது.

5. கோயிலின் முரண்பாடுகள்

மேற்கூறியவற்றைக் கொண்டு தோட்டக் கோயிலை ஒரு சமத்துவ நிலையமாகக் காட்ட முற்படுவது வரலாற்றுக்குப் புறம்பானதாகும். கோயிலிலே முதல் மரியாதை பெரிய கங்காணிக்கே உரியதாக இருந்தது. தொழிலாளியைக் கடனில் ஆழ்த்தியவனே அம்மன் முன் பரிவட்டம் கட்டி நின்றான். திருவிழாச் செலவுக்கான பணம் தொழிலாளரின் சம்பளத்திலிருந்து செக்ரோல் மூலம் கழிக்கப்பட்டது. விழா நடைபெறும் தோட்டத்தை விட்டு ஆட்கள் எளிதில் நீங்கமாட்டார் என்பதை உணர்ந்த துரைமார், விடுமுறையும் மரமும் கொடுத்துத் தாமே விழாவுக்கு வந்து மாலை ஏற்றனர். லயங்களிலே சாதிப்பிரிவு பேணப்பட்டது. கோயிலிலும் அது பேணப்பட்டது. தப்படித்தவர் கோயிலுக்கு இன்றியமையாதவர்; ஆயினும் அவர் நின்ற இடம் வெளியிடமே. மலையிலே பெரும்பங்கு உழைப்பை நல்கிய பெண்களுக்குக் கோயில் நிருவாகத்தில் இடமிருக்கவில்லை.

ஆகவே முற்போக்காளரின் ஐயம் ஆதாரமற்றதன்று. வழிபாடு ஒருங்கே இரு பணிகளைச் செய்தது. அது மக்களைத் தோட்ட அதிகாரத்தோடு பிணைத்தது. மக்களை மக்களோடும் பிணைத்தது. முதலாவது பிணைப்பை மட்டும் கண்டோர் இரண்டாவதைக் காணத் தவறினர். கோயில் நம்பிக்கையைத் தந்தது என்பதும் உண்மை. அந்நம்பிக்கைக்கு இவ்வுலகில் அடையத்தக்க ஒரு நோக்கத்தைக் கோயில் தன்னளவில் தரவில்லை என்பதும் உண்மை. அந்நோக்கம் வேறோரிடத்திலிருந்து வரவேண்டியிருந்தது.

6. சங்கமும் நோக்கமும்

1921இல் துண்டுமுறை ஒழிக்கப்பட்டது; வேலையொப்பந்தத்தை மீறிய தொழிலாளியைச் சிறையிடும் விதிகளும் நீக்கப்பட்டன. 1927இல் இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்சக் கூலிச் சட்டம் நிறைவேறியது. 1931இல் டொனமூர் அரசியலமைப்பின் கீழ் சர்வசன வாக்குரிமை வழங்கப்பட்டது. அதே ஆண்டில் கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளருக்கென ஒரு தொழிற்சங்க சம்மேளனத்தை நிறுவினார். தஞ்சாவூரிலிருந்து வந்து, கொழும்பில் பத்திரிகையாளராக விளங்கி, 1925இல் சட்டநிரூபண சபைக்குத் தெரிவான இவர், அந்நியர் நுழைவது தடைசெய்யப்பட்டிருந்த தோட்டங்களுக்குள் புகுந்து தொழிலாளரைச் சந்தித்தார். இவரது துணைவியார் மீனாட்சியம்மை, மக்கள் அறிந்திருந்த மெட்டுகளிலே தாமே இயற்றிய உரிமைப் பாடல்களைக் கூட்டங்களில் பாடினார்.

இவ்விடத்தில் நாம் நின்று நோக்கவேண்டிய ஓர் அம்சம் உண்டு. எழுத்தறிவு மிகக் குறைந்திருந்த மக்களிடையே சங்கத்தின் செய்தி பரவுவதற்கு அவர்கள் ஏற்கனவே பழகியிருந்த வடிவங்களே வழியாயின. ஓரிடத்தில் கூடுதல், சிறு பங்கு பணம் சேர்த்தல், பொதுக்காரியத்துக்குத் தலைவரைத் தெரிதல், இரவு முழுவதும் பாடல் கேட்டல் ஆகிய பழக்கங்கள் கோயிலிலும் கூத்திலும் பயிலப்பட்டவை. சங்கம் அப்பழக்கங்களுக்குப் புதிய உள்ளடக்கத்தை அளித்தது. துன்பத்துக்குக் காரணம் தலையெழுத்து என்றிருந்த இடத்தில் கூலிவிகிதமும் சட்டவிதியும் துரைமார் சங்கமும் காரணங்களாகப் பெயர் சுட்டப்பட்டன. காரணத்துக்குப் பெயர் கிடைத்தபொழுது வாழ்வுக்கு நோக்கமும் கிடைத்தது.

1939இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோன்றியது. அக்காலத்திலேயே லங்கா சமசமாஜக் கட்சியினரின் தொழிற்சங்கமும் மலைநாட்டில் வேரூன்றியது. 1940 சனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குக் கோவிந்தன் என்னும் தொழிலாளி பலியானார். அவ்வாண்டு ஊவாவிலும் ஏனைய பகுதிகளிலும் வேலைநிறுத்தங்கள் தொடர்ந்தன. கொள்ளைநோயிலும் பஞ்சத்திலும் இறந்த முன்னோர் பெயரற்று இறந்தனர். கோவிந்தனது பெயரோ ஓர் இயக்கத்தின் நினைவாக நிலைத்துவிட்டது. இறப்புக்கும் ஒரு நோக்கம் ஏற்பட்டமையின் அடையாளம் இது.

7. நாடற்ற காலமும் பிரார்த்தனையும்

1946ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி இந்தியத் தமிழர் 780,589 பேர். நாட்டு மக்களில் ஏறத்தாழ 11.7 சதவீதம். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. சுதந்திரம் கிடைத்த 1948ஆம் ஆண்டிலேயே 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டில் அவர்தம் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின் கீழ் எட்டு இலட்சத்துக்கும் அதிகமானோர் சார்பில் விண்ணப்பங்கள் செய்யப்பட்டன; ஏறத்தாழ 134,000 பேருக்கே பிரசாவுரிமை கிடைத்தது. கடல் ஏற்படுத்திய நிலையின்மையை மக்கள் மூன்று தலைமுறைகளில் வென்றிருந்தனர். அதனைப் பாராளுமன்றம் ஓராண்டில் மீளவும் ஏற்படுத்தியது.

1964 ஒக்டோபரில் கைச்சாத்தான ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 மக்களைப் பங்கிட்டது. 525,000 பேர் இந்தியாவுக்கு. 300,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 150,000 பேரை 1974ஆம் ஆண்டு ஒப்பந்தம் சரிபாதியாகப் பிரித்தது. ஒரே குடும்பத்தில் மூத்தவனுக்கு ஒரு நாடும் இளையவளுக்கு இன்னொரு நாடும் வாய்த்தன. தாயகம் திரும்புவோரை மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்குக் கொண்டுசென்ற புகையிரதத்தை மக்கள் ‘அழுகைக் கோச்சி’ என்றனர். முன்னோர் நடந்து வந்த வழியிலேயே பேரர் திரும்பிச் சென்றனர்.

1970களின் நடுப்பகுதியில் தோட்டங்கள் அரசுடைமையாக்கப்பட்டன. 1973–74 காலத்து உணவுத் தட்டுப்பாட்டில் தோட்டங்களிலே பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. 1977 மே மாதத்தில், தோட்டக் காணி பிரித்தளிக்கப்படுவதை எதிர்த்துத் திரண்டோர் மீது டெவன் தோட்டத்தில் நடைபெற்ற துப்பாக்கிச் சூட்டில் சிவனு இலட்சுமணன் பலியானார். 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களில் லயங்கள் எரிந்தன. பலர் வவுனியா முதலிய வட பகுதிகளுக்கு இடம்பெயர்ந்தனர். எந்தத் தெய்வமும் அத்தீயைத் தடுத்திலது என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை.

இப்பின்னணியிலேயே 1986 சனவரி நிகழ்வு தனிக்கவனம் பெறுகின்றது. நாடற்றோர் பிரச்சினைக்குத் தீர்வு கோரி இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் சனவரி 14ஆந் திகதி, தைப்பொங்கல் தினத்தன்று, ஒரு பிரார்த்தனை இயக்கத்தை ஆரம்பித்தது. காலை வேளையில் வேலைக்குச் செல்லாது தொழிலாளர் கூடிப் பிரார்த்தித்தனர். அதன் தலைவர் சௌ. தொண்டமான் அப்போது அரசாங்கத்தின் அமைச்சராகவும் இருந்தமை இந்நிகழ்வின் அரசியற் சிக்கலைக் காட்டும். அம்மாதத்திலேயே உடன்பாடு ஏற்பட்டது. இந்தியப் பிரசாவுரிமைக்கு விண்ணப்பியாதிருந்த 94,000 பேருக்கும் அவர்தம் சந்ததியினருக்கும் இலங்கைப் பிரசாவுரிமை வழங்குதற்கு 1986ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. இது பிரார்த்தனையினால் மட்டும் விளைந்த வெற்றி அன்று. 1985இல் திம்புப் பேச்சுவார்த்தையில் பிரசாவுரிமைக் கோரிக்கை முன்வைக்கப்பட்டமை, இந்தியாவின் அழுத்தம், தொடரும் போரினால் அரசு எதிர்நோக்கிய நெருக்கடி, தேயிலையின் பொருளாதார முக்கியத்துவம் ஆகியனவும் காரணிகளாயின.

ஆயினும் போராட்டம் கொண்ட வடிவத்தை நாம் அலட்சியம் செய்யலாகாது. அவசரகாலச் சட்டங்களின் நிழலிலே, முன்னைய வன்செயல்களின் அச்சம் நீங்காதிருந்த வேளையிலே, தோட்டம் தோட்டமாகத் தொழிலாளர் வேலையை நிறுத்திக் கூடுவதற்கு எந்த வடிவம் இயலும்? அவர்களுக்கு மிகப் பரிச்சயமானதும், அரசினால் எளிதில் தாக்கவியலாததுமான வடிவம் வழிபாடே. ஒரு நூற்றாண்டாக மாரியம்மன் முன் கூடிப் பழகிய மக்கள் அன்று கூடியபோது, அக்கூட்டம் வழிபாடாகவும் இருந்தது, வேலைநிறுத்தமாகவும் இருந்தது. நம்பிக்கையும் நோக்கமும் வெவ்வேறு களங்களில் நின்ற நிலை அங்கு மாறிற்று. கோயில் கற்பித்த ஒன்றுகூடலும் சங்கம் கற்பித்த கோரிக்கையும் ஒரே செயலாயின.

1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டமும், 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் எஞ்சிய நாடற்றோருக்குப் பிரசாவுரிமையை விரிவுபடுத்தின. 1948இல் தொடங்கிய ஒரு காலகட்டம் சட்டநிலையில் முடிவுற்றது.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றிலிருந்து மூன்று முடிவுகளை நாம் முன்வைக்கலாம். முதலாவதாக, மலையக மக்களின் நிலையின்மை இயற்கையாலோ விதியாலோ நேர்ந்ததன்று. உலகச் சந்தையும் காணிச் சட்டமும் பிரசாவுரிமைச் சட்டமும் அதனை ஆக்கின. இரண்டாவதாக, அந்நிலையின்மையை எதிர்கொண்ட மக்கள் தாம் வந்தடைந்த நிலத்தோடு உறவைத் தெய்வத்தின் வழியாக முதலில் கோரினர்; பின்னர் சங்கத்தின் வழியாகவும் வாக்கின் வழியாகவும் கோரினர். மூன்றாவதாக, நம்பிக்கை தானாகவே விடுதலையாகிவிடுவதில்லை. துன்பத்தின் காரணம் இனங்காணப்படும்போதே அது நோக்கமாகின்றது. ஆயினும் நம்பிக்கையின் வழியாக முன்னரே ஒன்றுகூடியிராத மக்களிடம் எந்த நோக்கத்தையும் கொண்டுசென்று சேர்ப்பது அரிது.

2023இல் மலையக வாழ்வின் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து யூலை இறுதியில் தலைமன்னாரிலிருந்து புறப்பட்ட நடைபயணம் ஓகஸ்ட் மாதத்தில் மாத்தளையை அடைந்தது. முன்னோர் கடனாளிகளாக நடந்த பாதையில் வழித்தோன்றல்கள் உரிமை கோரி நடந்தனர். அக்கோரிக்கைகளில் காணியும் வீடும் முதன்மை பெற்றன. ஏனெனில் பிரசாவுரிமை பெற்ற பின்னரும் பல குடும்பங்கள் தமக்குச் சொந்தமில்லாத லயக் காம்பராக்களிலேயே வாழ்கின்றன.

இவ்வரலாற்றை எழுதும் பணி பெருமளவு எஞ்சியுள்ளது. ஆணைக்குழு அறிக்கைகளையும் துரைமாரின் குறிப்புகளையும் மட்டும் கொண்டு அதனை எழுதி முடித்துவிட முடியாது. தோட்டக் கோயில்களின் வரவுசெலவுக் கொப்பிகள், திருவிழா அறிவித்தல்கள், காமன் கூத்து வாத்தியார்மாரின் கையெழுத்துப் பிரதிகள், மூதாட்டியரின் ஒப்பாரிகள், 1986 பிரார்த்தனையில் பங்குபற்றியோரின் நினைவுகள் ஆகியன ஆவணங்களாகக் கருதிச் சேகரிக்கப்படுதல் வேண்டும். அவற்றை வைத்திருப்போர் முதுமையடைந்துள்ளனர். பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களும் மலையகத்திலிருந்து இன்று பல்கலைக்கழகம் வந்துள்ள மாணவரும் இப்பணியைத் தாமதமின்றி மேற்கொள்வது அவசியமாகும்.